வேலூர் யாருடைய ஊர்?

கேள்வி: காந்தி ரோடு, பாபுராவ் தெரு பக்கம் போனால் பலகையெல்லாம் வங்காளியும் இந்தியும்தான். ஓட்டல்களில் கடுகெண்ணெய் நாற்றம். வேலூர் நம் கையை விட்டுப் போய்விட்டதா?
– வாசகர் ஒருவர், சத்துவாச்சாரி

பதில்: நம் கையில் மட்டும் எப்போது இருந்தது, சொல்லுங்கள். கோட்டையைக் கட்டியவர்கள் விஜயநகரத்துக்குக் கட்டுப்பட்ட நாயக்கர்கள். பிறகு பிஜாப்பூர்க்காரர்கள், மராட்டியர், ஆற்காட்டு நவாப், கும்பினி என்கிற கிழக்கிந்தியக் கம்பெனி. லாங் பஜாரில் தமிழும் உருதும் தெலுங்கும் கலந்து காதில் விழுவது இன்று நேற்று வந்த பழக்கமல்ல. கண்டியின் கடைசி மன்னர்கூட 1816இல் கைதியாக வந்து, 1832இல் இங்கேயேதான் இறந்தார்.

1799இல் திப்பு வீழ்ந்ததும் அவர் குடும்பத்தை நம் கோட்டைக்குள் காவலில் வைத்தார்கள். அவர்களை ஒட்டி மைசூர்க்காரர்கள் ஏராளமானோர் பேட்டையில் குடியேறினார்கள். 1806 சிப்பாய்ப் புரட்சியை ஒடுக்கிய கையோடு திப்புவின் பிள்ளைகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பியது கும்பினி. அவர்களில் ஒருவரான குலாம் முகமது, சிறுவனாக வேலூரில் இருந்தவர், 1842இல் தர்மதலாவில் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் அந்நகரின் அடையாளங்களில் ஒன்று. இங்கிருந்து போனவருக்குக் கல்கத்தா இடம் கொடுத்தது.

இன்று அங்கிருந்து காட்பாடி ரயில் நிலையத்தில் வந்து இறங்குகிறவர்கள் ஊரைப் பிடிக்க வரவில்லை. 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய சிஎம்சி மருத்துவமனையை நம்பி வருகிறார்கள். வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், பங்களாதேஷ் என்று எங்கிருந்தோ, பலர் நிலத்தை அடகு வைத்துவிட்டு. லாட்ஜ் அறையில் அடுப்பும் பாத்திரமும் வாடகைக்கு எடுத்து, நோயாளியின் நாக்குக்குப் பழகிய சோற்றை வடிக்கிறார்கள். அதிலிருந்து வருவதைத்தான் நாற்றம் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்தபோது மனசு வலித்தது. பிள்ளையின் ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் தாய்க்கு மருந்துக்கடைப் பலகையைத் தன் எழுத்தில் படிக்க முடிவது எவ்வளவு பெரிய ஆறுதல்!

அந்தத் தெருக்களில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். நெரிசல், குப்பை, கூசாமல் ஏற்றும் வாடகை எல்லாம் உண்டு. ஆனால் அந்த வாடகையை வாங்கும் கட்டட உரிமையாளர்களிலும், மொழி தெரியாதவர் என்று கண்டதும் இரட்டிப்புக் கேட்கும் ஆட்டோக்காரர்களிலும் நம்மவர்கள் எத்தனை பேர்? நோயாளிகளின் குடும்பங்களுக்குக் குறைந்த வாடகையில் தங்குமிடமும், சக்கர நாற்காலி போகிற அளவுக்கு நடைபாதையும் வேண்டும் என்று மாநகராட்சிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நகலை எனக்கு அனுப்புங்கள், அடுத்த இதழில் முதல் பக்கத்தில் போடுகிறேன்.