தம்பிக்கு ஏ.எல் றிசல்ட் குறைவு, கொழும்பில நம்பிப் போகக்கூடிய இடம் எது?

முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா. தம்பி கொமர்ஸ், ரெண்டாந்தரமும் எழுதி 1 சி 2 எஸ் தான் வந்திருக்கு (சி திறமைச் சித்தி, எஸ் சாதாரண பாஸ்), படிச்சா கொழும்பிலதான் படிப்பன் எண்டு ஒற்றைக்காலில நிக்கிறானாம். அப்பா தோட்டம் செய்யிறார், பெரிய காசு கட்ட ஏலாது. மற்றதெல்லாம் கைவிட்டாலும் இது கட்டாயம் கிடைக்கும் எண்டு வச்சிருக்கக்கூடிய இடம் கொழும்புப் பக்கம் எது எண்டு கேக்கிறா.

தங்கச்சி, கொழும்பைப் பற்றிக் கதைக்க முதல் ஒரு விசயம். 3 பாடமும் ஒரே தரத்தில பாஸ், பொதுச் சாதாரண பரீட்சையில 30க்குக் குறையேல்ல எண்டா அவன் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கத் தகுதியான ஆள். "1 சி 2 எஸ்ஸுக்கு எங்க கம்பஸ் கிடைக்கப்போகுது" எண்டு விண்ணப்பமே போடாமல் விடுற பிள்ளையள் எங்கட பக்கத்தில நிறையப் பேர், அதைப் பாக்க எனக்கு உண்மையாவே வயிறு எரியும். மாவட்ட அடிப்படையில எடுக்கிற கோர்ஸுகளில 40 வீதம் முழு நாட்டுக்கும் திறமைப்படி, 55 வீதம் மாவட்டத்துக்கு, மிச்சம் 5 வீதம் கல்வியில பின்தங்கின 16 மாவட்டத்துக்கு மேலதிகமா. முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் நாலுமே அந்த 16க்குள்ள இருக்கு. அதால பல கோர்ஸுக்கு எங்கட வெட்டுப்புள்ளி கொழும்பு, யாழ்ப்பாணத்தை விடக் கீழ வாறது வழக்கம். 2 எஸ்ஸோட வரும் எண்டு நான் ஆசை காட்டேல்ல, ஆனா இசட் ஸ்கோரை, அதுதான் கம்பசுக்கு ஆள் எடுக்கப் பாக்கிற புள்ளியை எடுத்து, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின்ர கைநூலில இருக்கிற போன வருச வெட்டுப்புள்ளியளோட ஒண்டு ஒண்டா ஒப்பிட்டுப் பாருங்கோ, கேள்வி குறைஞ்ச கோர்ஸுகளையும் சேத்துப் போடுங்கோ. மூண்டாந்தரம் எழுத இன்னும் ஒரு சந்தர்ப்பமும் அவனுக்கு இருக்கு, அதுக்குப் பிறகு எழுதுறது கம்பசுக்கு எடுபடாது.

இனி கொழும்பு. கட்டாயம் கிடைக்கிற இடம் எண்டு பாத்தா அங்க தெருவுக்குத் தெரு இருக்கு, காசு கட்டினா வேண்டாம் எண்டு சொல்லுற பிறைவேட் கம்பஸ் குறைவு. உள்ள போறது லேசு எண்டதால அது நம்பிப் போற இடம் ஆகாது. முடிச்சு வெளிய வாற அண்டைக்கு அந்தச் சேட்டிபிக்கற்றை அரசாங்க வேலைக்கும் வங்கிக்கும் எடுக்கிறாங்களோ, கடைசித் தவணை வரைக்கும் வீட்டில கட்ட ஏலுமோ, ரெண்டுக்கும் ஓம் எண்டாத்தான் நம்பலாம். எனக்குத் தெரிஞ்ச ஒட்டுசுட்டான் பக்கத்துப் பிள்ளை ஒண்டு, கொழும்பில ஒரு பிறைவேட் இடத்தில லண்டன் டிகிரி எண்டு சேந்தது, முதல் ரெண்டு வருசம் ரூபாயில கட்டலாம், கடைசி வருசம் பவுண்ஸில. 2022இல ரூபாய் விழுந்து டொலர் 200 சொச்சத்தில இருந்து 360க்குப் போக பவுண்ஸும் கூடவே ஏறிச்சுது, வயலை ஈடு வச்சும் காணேல்ல, கடைசியில டிப்ளோமாவோட வீட்ட வந்திட்டுது. அந்தப் பிள்ளை கெட்டிக்காரி, படிப்பில ஒரு குறையும் இல்லை.

அதால உங்கட தம்பிக்கு நான் முதல் சொல்லுறது ஸ்லியேற், அதுதான் உயர் தொழில்நுட்பவியல் நிறுவனம், 1995ஆம் ஆண்டுச் சட்டத்தால வந்த அரசாங்க இடம், முழுநேரக் கோர்ஸுக்குப் படிப்புக் காசு இல்லை. கொழும்புப் பக்கம் தெஹிவளையிலயும் மட்டக்குளியிலயும் இருக்கு, கொமர்ஸ் பிள்ளைக்குக் கணக்கியல் எச்.என்.டி, அதாவது உயர் தேசிய டிப்ளோமா, நல்ல தெரிவு, 4 வருசம், படிப்பிக்கிறது இங்கிலீஷில. ஆனா இதே கணக்கியல் யாழ்ப்பாணத்திலயும் இருக்கு, சேட்டிபிக்கற்றில ஒரு வித்தியாசமும் இல்லை, கொழும்பில போடிங்குக்கும் சாப்பாட்டுக்கும் போற காசை மட்டும் ஒருக்கா கணக்குப் போட்டு அவனுக்கு முன்னால வையுங்கோ.

அடுத்தது திறந்த பல்கலைக்கழகம், நாவலையில. ஏ.எல் சரிவராத ஆக்களையும் அடிப்படைக் கோர்ஸ் ஒண்டால உள்ள எடுத்து டிகிரி வரைக்கும் கொண்டு போற இடம் அது, யாழ்ப்பாணத்திலயும் வவுனியாவிலயும் நிலையம் இருக்கு. வேலை செய்துகொண்டே படிக்கலாம், ஆனா ஒருத்தரும் பின்னால நிண்டு படி படி எண்டு சொல்லமாட்டினம், தானா இருந்து படிக்கிற பிள்ளை எண்டா மட்டும் அனுப்புங்கோ. இதோட ஏ.ஏ.ரி எண்ட கணக்கியல் தொழில் சோதினையையும் சேத்துச் செய்யலாம், அதைத் தமிழிலயும் எழுதலாம், கணக்கு வேலைக்குக் கொழும்புக் கொம்பனியளில அதுக்கு மதிப்பு இருக்கு.

கொமர்ஸை விட்டிட்டுக் கைத்தொழில் பக்கம் போக மனமிருந்தா என்.வி.கியூ வழி, அதாவது மட்டம் மட்டமா ஏறுற தேசிய தொழிற்தகைமை. மட்டம் 5 டிப்ளோமா, 7 டிகிரி, 5 முடிச்சா இரத்மலானையில இருக்கிற யூனிவொடெக் எண்ட தொழில்சார் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். மருதானை தொழில்நுட்பக் கல்லூரி 1893இல தொடங்கினது, இப்பவும் ஓடுது. எங்கட கிளிநொச்சி அறிவியல் நகரில ஜேர்மன் உதவியோட கட்டின பயிற்சி நிறுவனத்திலயும் இந்த வழியில தொடங்கலாம், வீட்டுச் சாப்பாட்டோட படிப்பு.

பிறைவேட் தான் எண்டு முடிவெடுத்தா காசு கட்ட முதல் சில கேள்வி நேர கேளுங்கோ. டிகிரி குடுக்கிறது ஆர், அந்த இடத்துக்கு வர்த்தமானியில அங்கீகாரம் வந்திருக்கோ, வெளிநாட்டு டிகிரி எண்டா பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதை ஏற்குதோ. டிப்ளோமா எண்டா, மூன்றாம் நிலைக் கல்வி ஆணைக்குழுவில நிறுவனம் பதிஞ்சிருக்கிறது வேற, அந்தக் கோர்ஸுக்கு என்.வி.கியூ தரச்சான்று இருக்கிறது வேற, பதிவு நம்பரை மட்டும் காட்டினா விடாதேங்கோ. மொத்தக் காசு எவ்வளவு, எந்தப் பங்கு வெளிநாட்டுக் காசில, இடையில நிண்டா என்ன திரும்ப வரும் எண்டதை எழுத்தில வாங்குங்கோ. எழுதித் தரமாட்டம் எண்டா எழும்பி வாங்கோ.

கம்பஸ் கிடைக்காத பிள்ளையளுக்கு அரசாங்கத்தின்ர வட்டியில்லாக் கடனும் இருக்கு. அங்கீகரிச்ச சில பிறைவேட் இடங்களில டிகிரி படிக்கத்தான் அது, 3 பாடம் ஒரே தரத்தில பாஸ் எண்டது அதுக்கும் வேணும், இங்கிலீஷ் பெறுபேறும் கேப்பினம். தம்பின்ர ஓ.எல் இங்கிலீஷ் என்ன எண்டு நீங்க எழுதேல்ல. அது எஸ்ஸோ, பெயிலான டபிள்யூவோ எண்டா விண்ணப்பம் கோருற வரைக்கும் காத்துக்கொண்டு இருக்காமல் நாளைக்கே புதுக்குடியிருப்பில ஒரு இங்கிலீஷ் வகுப்பில சேத்து விடுங்கோ, ஏனெண்டா மேல சொன்ன கணக்கியல் எச்.என்.டியில முதல் தவணையிலயே எங்கட பிள்ளையளை விழுத்துறது கணக்கு இல்லை, பாசை.