டீசலா, சி.என்.ஜி.யா? கல் ஏற்றும் வண்டிக்கு எது சுத்தம்?

கேள்வி: ஆத்தங்குடித் தரைக்கல்லைக் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கொண்டுபோக 14 வருடப் பழைய டீசல் லோடு ஆட்டோ வைத்திருக்கிறேன். அதைக் கொடுத்துவிட்டு சி.என்.ஜி. (அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு) வண்டி எடுக்கலாம் என்று இருக்கிறேன். "சுற்றுச்சூழலுக்கு ஒரு கெடுதலும் கிடையாது" என்கிறார் விற்பனையாளர். நம்பலாமா?
– வாசகர், ஆத்தங்குடி

பதில்: பாதி நம்பலாம். அந்தப் பாதியே உங்கள் ஊருக்குப் பெரிய விஷயம்.

உங்கள் வண்டியின் புகைக்குழாய்க்குள் ஒரு வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்துப் பாருங்கள். மை மாதிரி ஒட்டும். நெஞ்சுக்குள் போவதும் அதே கரிதான். கல் இறக்குவதற்காக வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, புகை நேரே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சியின் முகத்தில் போய் அடிக்கிறது. சி.என்.ஜி. பெரும்பாலும் மீத்தேன் என்பதால் எரியும்போது கரி மிக மிகக் குறைவு. உச்ச நீதிமன்றத்தின் 1998 உத்தரவுப்படி, 2002 முடிவதற்குள் டெல்லி நகரப் பேருந்துகள் சி.என்.ஜி.க்கு மாறியதும் இந்தப் புகைக்காகத்தான். ஆனால் 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 (புதிய, கடுமையான புகை விதி) டீசல் வண்டிகளிலும் புகை வெகுவாகக் குறைந்துவிட்டது; பழைய வண்டியோடு ஒப்பிட்டால்தான் வித்தியாசம் இவ்வளவு பெரியது.

புவி சூடாவதைப் பொறுத்தவரை லாபம் சிறியது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வரும். ஒரு கிலோ சி.என்.ஜி. எரிந்தாலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆகவே மைலேஜை வைத்தே கணக்குப் போட்டுவிடலாம். டீசல் லிட்டருக்கு 25 கி.மீ., சி.என்.ஜி. கிலோவுக்கு 30 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 300 கி.மீ. ஓட 12 லிட்டர் டீசல், அல்லது 10 கிலோ சி.என்.ஜி. கரியமில வாயு ஆறில் ஒரு பங்கு குறைகிறது. சுமையோடு ஓட்டிப் பார்த்த மைலேஜைக் கேட்டு வாங்குங்கள், விளம்பரத்தில் போடுவதை அல்ல.

விற்பனையாளர் சொல்லாமல் விட்டது கசிவு. எரியாமல் வெளியேறும் மீத்தேன், நூறு வருடக் கணக்கில் கரியமில வாயுவைப் போல சுமார் 28 மடங்கு சூடேற்றும். கொஞ்சம் கசிந்தாலும் அந்த ஆறில் ஒரு பங்கு கரைந்துவிடும். வாடை அடித்தால் "அப்புறம் பார்க்கலாம்" என்று விடாமல், அன்றைக்கே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். சிலிண்டரில் சுமார் 200 பார் அழுத்தம், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல சுமார் 200 மடங்கு, இருக்கும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை சோதனை செய்து தகட்டில் தேதி பதிக்க வேண்டும்.

பழைய டீசல் இன்ஜினையே சி.என்.ஜி.யில் ஓடும்படி மாற்றித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் வேண்டாம். அதில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது, பெரிய வேலை. கம்பெனியே பொருத்திக் கொடுக்கும் வண்டியாகப் பாருங்கள்.

சரி, முன்பணம் கட்டுவதற்கு முன் ஒன்று. நீங்கள் தினமும் போகிற வழியில் சி.என்.ஜி. பங்க் இருக்கிறதா என்று நேரில் பாருங்கள். நிரப்புவதற்காகவே காலி வண்டியைத் தனியாக 20 கி.மீ. ஓட்ட வேண்டியிருந்தால், இப்போதைக்குப் பொறுத்திருங்கள்.