களஞ்சியத்தின் நடுவெளியை மூடலாமா?

கேள்வி: இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், வீடாக மாற்றப்பட்ட பழைய களஞ்சியம் ஒன்றை வாங்க நினைக்கிறோம். நடுவில் கூரை வரை வெறும் வெளி. அங்கே மாடி போட்டு இரண்டு அறை எடுக்கலாமா? எதிரெதிரே இரண்டு பெரிய கண்ணாடிச் சுவர்கள் இருக்கின்றன, ஒன்று மட்டும் உயரம் குறைவு. அதை அடைத்துவிடலாமா?

பதில்: இரண்டையுமே செய்யாதீர்கள் என்பதுதான் என் கருத்து. நீங்கள் வெறும் வெளி என்று சொல்லும் இடத்துக்காகத்தான் அந்தக் கட்டடமே எழுந்தது.

அது போரடிக்கும் களம். இங்கிலாந்தில் அறுவடைக்குப் பிறகு மழையும் ஈரமும் என்பதால் களத்தையும் கூரைக்குள் கொண்டுவந்தார்கள். கதிர்க்கட்டுகளை ஒரு பக்கம் அடுக்கி, குளிர்காலம் முழுக்க நடுவில் போட்டுத் தடியால் அடித்தார்கள். வைக்கோல் மறுபக்கம் போகும். கண்ணாடி இருக்கும் இடங்களில் அன்று மரக்கதவுகள் இருந்தன. இரண்டையும் திறந்தால் ஊடே வரும் காற்றில் தூற்றலாம். பதர் பறக்கும், தானியம் தரையில் விழும். பாரம் ஏற்றிய வண்டி நுழைய உயரமான வாசல், காலி வண்டி வெளியேறத் தாழ்வான வாசல். உங்கள் வீட்டின் உயர வித்தியாசத்துக்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். 1786-இல் ஆண்ட்ரூ மீக்கிள் போரடிக்கும் இயந்திரத்தை உருவாக்கிய பிறகு இந்த வேலை மெல்ல மெல்ல இயந்திரத்துக்குப் போனது.

நேரம் இருந்தால், வாங்குமுன் எசெக்ஸில் உள்ள கிரெஸ்ஸிங் டெம்பிள் போய் வாருங்கள். டெம்ப்ளர் வீரத்துறவிகள் 13-ஆம் நூற்றாண்டில் கட்டிய பார்லிக் களஞ்சியமும் கோதுமைக் களஞ்சியமும் இன்றும் நிற்கின்றன. உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால், அந்த உயரத்தைத் தளம் போட்டு மறைக்க யாருக்கும் மனம் வராது.

மாடியைவிட எனக்குக் கவலை தருவது விட்டம். எதிரெதிர்ச் சுவர்களை இணைத்து, தலைக்கு மேலே குறுக்கே ஓடும் ஓக் மரம் அது. கூரையின் எடை சுவர்களை வெளிப்பக்கம் தள்ளும். அதை இழுத்துப் பிடிப்பது விட்டம்தான். மாடியில் நடக்கத் தலை இடிக்கிறதென்று அதை அறுத்தவர்கள் உண்டு. அப்படி அறுத்தால் சுவர்கள் மெல்லச் சாயத் தொடங்கும். வீட்டைப் பார்க்கப் போகும்போது ஒவ்வொரு விட்டமும் முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். பழைய தூண்களில் மர ஆணிகளும், தச்சர்கள் கீறிய ரோமன் எண்களும் தெரிந்தால் அதன் மேல் பெயின்ட் அடிக்க வேண்டாம்.

குளிரைத் தடுக்கத்தான் மூட நினைக்கிறீர்கள் என்றால், அதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. தரைக்கு அடியில் சூடேற்றும் குழாய் பதிக்கலாம், தரமான இரட்டைக் கண்ணாடி போடலாம். இவற்றுக்கும் அனுமதி தேவைப்படலாம்.

அப்புறம் சட்டம். பழங்காலக் கட்டடங்களைக் கவனிக்கும் பொது அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் பாரம்பரியப் பட்டியலை இணையத்தில் பார்த்துவிடுங்கள். கட்டடம் அதில் இருந்தால், அதன் தன்மையை மாற்றும் எந்த வேலைக்கும், உள்ளே செய்வதானாலும், உள்ளாட்சியின் அனுமதி வேண்டும். இல்லாமல் செய்வது குற்றம். முந்தைய உரிமையாளர் அனுமதியின்றிச் செய்ததைச் சரிசெய்யும்படி உங்களுக்கே நோட்டீஸ் வரலாம், அதற்குக் காலவரம்பு கிடையாது. பணம் கைமாறுமுன், வீடாக மாற்றியபோது வாங்கிய அனுமதிக் கடிதங்களையும் வரைபடங்களையும் உங்கள் வழக்கறிஞர் மூலம் கேட்டு வாங்குங்கள்.