வெட்டிய துணியோடு வருகிறவர்கள்

கே: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில், பயிற்சியாளர் தன் ஆட்டமுறையை, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கின் திறமைக்குத் தகுந்த மாதிரி தைத்துக் கொடுக்க வேண்டுமா? இல்லை, பையன்தான் முறைக்குப் பழகிக்கொள்ள வேண்டுமா?

ப: 'தைத்து' என்று எழுதினீர்களே, அந்தச் சொல்லுக்காகவே இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டேன். தைப்பவர் முதலில் அளவு நாடாவை எடுப்பார். பல பயிற்சியாளர்கள் வரும்போதே வெட்டிய துணியோடு வந்து இறங்குகிறார்கள். அதற்கு 'சிஸ்டம்' என்று பெயர் வேறு. அந்தச் சொல் மேல் எனக்குப் பழைய கோபம் உண்டு.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 2008இல் ரிச் ராட்ரிகெஸ், வெஸ்ட் வர்ஜீனியாவில் வெற்றி தந்த ஓட்ட முறையோடு வந்தார். கையில் இருந்த குவார்ட்டர்பேக் ஸ்டீவன் த்ரெட் என்பவரோ நின்ற இடத்திலிருந்து எறியும் உயரமான பையன். அந்த முறைக்கு உயிர் 'ஸோன் ரீட்'. எதிரணியின் ஓரக் காவலர் ஒருவரை வேண்டுமென்றே யாரும் தடுக்காமல் விடுவார்கள். குவார்ட்டர்பேக் பந்தை, அதோடு ஓடுகிறவரான ரன்னிங் பேக்கின் வயிற்றில் வைத்தபடியே அந்தக் காவலரின் தோளைப் பார்ப்பார். தோள் உள்ளே திரும்பினால் பந்தை உருவிக்கொண்டு அந்தக் காலி இடத்தில் ஓட வேண்டும். நேராக நின்றால் பந்தைக் கொடுத்துவிட வேண்டும். ஒரு நொடி வேலை. உருவினாலும் இவர் மூன்று கஜம் தாண்டமாட்டார் என்று தெரிந்துவிட்டால் காவலர் எதற்கு அவரை மதிக்கப் போகிறார்? ஒவ்வொரு முறையும் ரன்னிங் பேக்கின் மேலேயே பாய்வார். குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் நின்று தடுக்கும் வரிசையும் அனுபவம் போதாதது. அந்த ஆண்டு 3 வெற்றி, 9 தோல்வி. பருவ முடிவில் நன்றாக ஆடிய அணிகளை அழைத்து நடத்தும் பவுல் ஆட்டத்தை 33 ஆண்டுகளாக விடாமல் ஆடிவந்தார்கள், அதுவும் போயிற்று.

2010இல் அந்த முறைக்கென்றே பிறந்த டெனார்ட் ராபின்சன் 1,702 கஜம் ஓடினார். அடுத்த ஆண்டு பயிற்சியாளர் குழு மாறியது. வந்தவர்கள் இந்த ஓட்டக்காரரை அடிக்கடி, பந்தைப் பின்னால் கொடுக்கும் சென்டரின் முதுகோடு ஒட்டி நிறுத்தி, பின்வாங்கி எறியச் சொன்னார்கள். அணி 11 ஆட்டம் வென்றது, மறுக்கவில்லை. ஆனால் முந்தைய ஆண்டைவிடக் குறைவாக எறிந்தும், பறிகொடுத்த பந்துகள் 11லிருந்து 15 ஆயின.

சரி, எதை அளப்பது? முதலில் தோள். மைதானத்தின் அகலம் 160 அடி. பந்தை வைத்துத் தொடங்கும் எல்லையைக் காட்டும் இரண்டு ஹாஷ் கோடுகளுக்கு இடையே, கல்லூரி ஆட்டத்தில் 40 அடி. பந்து இடது ஹாஷில் இருந்தால் வலது ஓரக்கோடு 100 அடி தள்ளி இருக்கிறது. 12 கஜம் முன்னே ஓடி அந்த ஓரம் நோக்கித் திரும்புகிறவருக்கு, 7 கஜம் பின்னால் நிற்கிறவர் எறிந்தால் பந்து காற்றில் சுமார் 37 கஜம் பறக்க வேண்டும். கிடைப்பது 12 கஜம்! வலு குறைந்த தோள் என்றால் பந்து மிதக்கும். பந்து வாங்குகிறவரை ஒட்டி நிற்கும் எதிரணியின் கார்னர்பேக் குறுக்கே பாய்ந்து பறித்துக்கொண்டு ஆளில்லாத பக்கமாக ஓடிவிடுவார். அப்படிப்பட்டவரை வலப்பக்கம் ஓடவிட்டு எறியச் சொல்லுங்கள். தூரம் குறையும், கண் வைக்க வேண்டியதும் பாதி மைதானம்தான்.

    

அதற்காக மொத்தத்தையும் பிரித்துத் தைக்கச் சொல்லமாட்டேன். குவார்ட்டர்பேக் ஒருவர், அவர் முன்னால் தடுப்பவர்கள் ஐந்து பேர். பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரப் பயிற்சிக்கே விதி இடம் கொடுக்கிறது. அதற்குள் ஐவருக்கும் புதுப் பாடம் என்றால், எதிரணி ஓரடி இடம் மாறி நின்றதுமே யார் யாரைத் தடுப்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். வரிசையின் பாடம் அப்படியே இருக்கட்டும். குவார்ட்டர்பேக் எதைப் பார்க்கிறார், எங்கே எறிகிறார், பந்தை வைத்துக்கொள்ளலாமா என்பதை மாற்றுங்கள். ஓக்லஹோமாவில் லிங்கன் ரைலி செய்தது இதுதான். தடுப்பு வரிசையைச் சேர்ந்த கார்டும் டேக்கிளும் இடம்பெயர்ந்து மறுபக்கம் ஓடித் தடுக்கும் 'கவுண்டர்' அவருடைய அணியில் மாறவே இல்லை. 2017இல் பேக்கர் மேஃபீல்ட் எறிந்தே வென்றார். 2018இல் கைலர் மர்ரி எறிந்ததோடு 1,001 கஜம் ஓடினார். 2019இல் ஜேலன் ஹர்ட்ஸ் 1,298 கஜம் ஓடினார். முதல் இருவருக்கும், ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது. ஹர்ட்ஸுக்கு அதில் இரண்டாமிடம்.

அளவெடுத்துத் தைத்த பையன் காயப்பட்டால்? அதற்கும் ஓக்லஹோமாவே பதில். 1985இல் பாரி ஸ்விட்சர், ட்ராய் ஐக்மனுக்காக எறிதலைக் கூட்டினார். மயாமியுடனான ஆட்டத்தில் ஐக்மனின் கணுக்கால் முறிந்தது. முதலாண்டு மாணவர் ஜமேல் ஹோலிவே இறங்கினார். அன்று தோல்விதான். ஆனால் மூவரைப் பின்னால் நிறுத்தும் பழைய விஷ்போன் ஓட்ட முறை தடுப்பாளர்களுக்கு மறக்கவில்லை. மீதி ஆட்டங்களையெல்லாம் வென்று, 1986 ஜனவரி 1 அன்று பென் ஸ்டேட்டை 25-10 என வீழ்த்தித் தேசிய சாம்பியன் ஆனார்கள். ஐக்மன் யு.சி.எல்.ஏ.வுக்கு மாறி, தன் தோளுக்கு ஏற்ற முறையில் இரண்டு பருவங்களில் 20 ஆட்டங்களை வென்றுகொடுத்தார்.