பழைய டிசைன் பிரிண்ட் ஆகிவிட்டது: ஸ்டோரேஜ் பெட்டி வாங்கினால் சரியாகுமா?

கேள்வி: திருப்பூரில் பனியன் எக்ஸ்போர்ட் செய்கிறோம். ஆபீஸில் ஆறு பேர். டிசைன் ஃபைல்களை வாட்ஸ்அப்பிலும் அவரவர் சொந்த ஜிமெயிலிலும் அனுப்புகிறோம். போன மாதம் அவிநாசி பிரிண்டிங் யூனிட்டில் பழைய ஆர்ட்வொர்க்கை வைத்து 800 பீஸ் அடித்துவிட்டார்கள். ‘நாஸ்’ என்று, ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு ஸ்டோரேஜ் பெட்டி வாங்கி வைக்கச் சொல்கிறார் கோயமுத்தூர் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். 800 பீஸ் போனது சின்ன நஷ்டமில்லை, வருத்தமாக இருக்கிறது. ஆனால் ஃபைல் எந்தப் பெட்டியில் இருந்தது என்பதால் அது நடக்கவில்லை. பையர் நெக் பிரிண்டை இரண்டு சென்டிமீட்டர் இறக்கச் சொல்லியிருப்பார், நீங்களும் புது ஃபைல் அனுப்பியிருப்பீர்கள். யூனிட்காரர் போனில் இரண்டுமே கிடந்தன. கைக்குப் பழையது அகப்பட்டது.

ஆகவே ஃபைலை அனுப்பாமல் லிங்க்கை அனுப்புங்கள். கூகுள் டிரைவில் ஏற்கெனவே உள்ள ஃபைலின் மீதே புதிய வெர்ஷனை ஏற்றலாம், லிங்க் மாறாது. எப்போது திறந்தாலும் கடைசியாக ஏற்றியதுதான் வரும். யூனிட்டில் முன்பே இறக்கி வைத்திருந்தால் மட்டும் பழையது அங்கேயே கிடக்கும். அதனால் பிரிண்ட் அடிக்கும் ஸ்கிரீனுக்கு ஃபிலிம் எடுக்கும் அன்று லிங்க்கைத் திறந்து எடுக்கச் சொல்லுங்கள். லிங்க் கிடைத்த யாரும் பார்க்கலாம் என்று விட்டுவிடாமல், யூனிட்டின் மெயிலுக்கு மட்டும், பார்க்க மட்டும் அனுமதி கொடுங்கள். ஆர்டர் முடிந்ததும் எடுத்துவிடுங்கள். அவசரத்துக்கு வாட்ஸ்அப்தான் என்றால் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், தரம் குறையாது.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை அந்தச் சொந்த ஜிமெயில்கள்தான். இலவசக் கணக்கில் மெயில், போட்டோ எல்லாம் சேர்த்து 15 ஜிபி. அதுகூடப் போகட்டும், அதில் இருக்கிற ஃபைல் கம்பெனிக்குச் சொந்தமாக இருக்காது. ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வேலையை விட்டுப் போனால், உடையின் அளவு, பிரிண்ட் விவரமெல்லாம் உள்ள பையரின் டெக் பேக்கும் அவரோடு போய்விடும். செலவு செய்வதானால் முதலில் இதற்குச் செய்யுங்கள். கூகுள் வொர்க்ஸ்பேஸ் அல்லது மைக்ரோசாஃப்ட் 365 என்ற கட்டணச் சேவையில் ஆறு பேருக்கும் கம்பெனி பெயரில் மெயில் கணக்கு வாங்குங்கள். ஆள் கணக்குக்குத்தான் கட்டணம், யூனிட்காரருக்குத் தனியாக வாங்க வேண்டியதில்லை. கூகுள் என்றால் ‘ஷேர்டு டிரைவ்’ உள்ள திட்டமா என்று கேட்டு வாங்குங்கள். அதில் போடும் ஃபைல் ஆளுக்கு இல்லை, கம்பெனிக்குச் சொந்தம். அப்புறம் ஆறு கணக்கிலும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டு போட்ட பிறகு இன்னொரு முறையும் ஆளைச் சரிபார்ப்பது) அன்றைக்கே போட்டுவிடுங்கள்.

பெட்டி தேவைப்படும் காலம் வரும். போட்டோஷூட் படங்கள் சேரச் சேர உள்ளூர் பேக்கப்புக்கு அது நல்லது. அப்போது விலையில் ஹார்டு டிஸ்க்கும் சேர்த்தியா என்று கேளுங்கள், பல மாடல்கள் வெறும் பெட்டியாகத்தான் வரும். இரண்டு 4 டிபி டிஸ்க்கை ஒன்றின் நகலாக இன்னொன்று என்று வைத்தால் உங்களுக்குக் கிடைப்பது 4 டிபிதான், 8 இல்லை. ஒரு டிஸ்க் கெட்டால் மற்றது காப்பாற்றும். ஆனால் யாராவது தவறி அழித்தாலோ, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தாலோ இரண்டிலும் சேர்ந்தே போய்விடும். கரண்ட் போனால் தாங்க யூபிஎஸ்ஸும் வேண்டும்.

எதை வாங்கினாலும் பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண் இருக்கட்டும், கட்டிய வரியை உள்ளீட்டு வரி வரவாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழிவாக எடுத்துக்கொள்ளலாம்.