பெல்ட் கத்தினால் பெல்ட்டை மட்டும் மாற்றாதீர்கள்

கேள்வி: அண்ணாச்சி, எனக்குக் கடையம் பக்கம். ஏசி வைத்த பழைய பெட்ரோல் கார் ஓட்டுகிறேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கிரீச் என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சத்தம், ஒரு நிமிஷத்தில் தானாக அடங்கிவிடும். சாரல் நாளில் இன்னும் மோசம். ஏசி போட்டாலும் வருகிறது. ஒர்க்‌ஷாப்பில் ஃபேன் பெல்ட்டை மாற்றினார்கள், ஒரு மாதம் நன்றாக இருந்தது, இப்போது பழையபடி கத்துகிறது. திரும்பவும் பெல்ட் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: வேண்டாம் தம்பி, இப்போதைக்கு மாற்றாதீர்கள். புது பெல்ட் ஒரு மாதத்தில் தேய்ந்துபோகாது. ஒழுங்காக மாட்டிய நல்ல பெல்ட் ஐம்பதாயிரம் கிலோமீட்டர் சாதாரணமாக ஓடும். சத்தம் போடுவது பெல்ட்தான், ஆனால் அதைப் போட வைப்பது வேறு ஒன்று. அது என்னவென்று பார்க்காமல் எத்தனை பெல்ட் வாங்கிப் போட்டாலும் ஒரு மாதம் சும்மா இருக்கும், அப்புறம் இதே கதைதான்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் எனக்கு முதல் சந்தேகம் பெல்ட்டின் டென்ஷன், அதாவது இறுக்கத்தின் மேல். பழைய சின்ன பெட்ரோல் கார்கள் பலவற்றில் தானாக இறுக்கும் டென்ஷனர் கிடையாது. ஆல்டர்நேட்டரை (ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவி) தள்ளியோ, அட்ஜஸ்ட் போல்ட்டைத் திருகியோ கையால்தான் இறுக்க வேண்டும். புது பெல்ட் முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடும்போது புல்லியின் (பெல்ட் ஓடுகிற சக்கரம்) பள்ளங்களில் நன்றாக உட்கார்ந்து கொஞ்சம் தளர்ந்து கொடுக்கும். அப்போது வண்டியைத் திரும்பக் கொண்டுபோய் ஒரு தடவை இறுக்கிக்கொள்ள வேண்டும். இதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை, வண்டிக்காரரும் சத்தம் நின்றதே போதும் என்று விட்டுவிடுகிறார். ஒரு மாதம் கழித்து சத்தம் வந்தது என்று நீங்கள் சொல்வது இதற்கு அச்சாகப் பொருந்துகிறது.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஏன் கத்துகிறது என்று கேட்பீர்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் என்ஜினைச் சுற்ற பேட்டரியிலிருந்து நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. என்ஜின் பிடித்தவுடன் ஆல்டர்நேட்டர் அந்தக் கடனை அடைக்க முழு மூச்சாக வேலை செய்யும், அதன் புல்லி சுற்றுவதற்குக் கனமாகிவிடும், தளர்ந்த பெல்ட் அந்தக் கனத்தை இழுக்க முடியாமல் புல்லி மேல் வழுக்கும். வழுக்கிப் பிடித்து, வழுக்கிப் பிடித்து அதிர்வதுதான் அந்தக் கிரீச். பேட்டரி கொஞ்சம் ஏறியதும் பாரம் குறைந்து சத்தம் அடங்குகிறது. அதனால் பேட்டரி பழசாகிச் சார்ஜ் நிற்காமல் போனாலும் பெல்ட் அதிக நேரம் கத்தும், பேட்டரியையும் ஒரு தடவை செக் செய்து வையுங்கள். சாரல் ஈரம் பட்டால் ரப்பருக்கும் இரும்புக்கும் நடுவே மெல்லிய தண்ணீர்ப் படலம் வந்து பிடிப்பு இன்னும் குறைகிறது. ஏசி போட்டால் கம்ப்ரசர் பாரம். மூன்றும் ஒரே காரணத்தைத்தான் காட்டுகின்றன.

இருந்தாலும் என் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம், வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு பாட்டிலில் வெறும் தண்ணீர், மூடியில் சின்ன ஓட்டை. வேட்டி, தோளில் துண்டு, கழுத்தில் தொங்குகிற செயின் எதுவும் வேண்டாம், சட்டைக் கையை மடித்துக்கொள்ளுங்கள். ஓடுகிற பெல்ட் துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். ரேடியேட்டர் ஃபேன் பக்கமும் கை போகக் கூடாது, அது எப்போது வேண்டுமானாலும் தானாக ஓடத் தொடங்கும். வண்டியை ஸ்டார்ட் செய்து, சத்தம் வரும்போது தள்ளி நின்று பெல்ட்டின் உள்பக்கம், நீளவாக்கில் வரி வரியாக இருக்கும் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீரைப் பீய்ச்சுங்கள்.

சத்தம் கூடினால் பெல்ட் வழுக்குகிறது, டென்ஷன் போதவில்லை. சில நொடி நின்றுவிட்டுத் திரும்ப வந்தால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று பொருள். அந்தச் சத்தம் பெரும்பாலும் நீளமான கிரீச்சாக இருக்காது, ஐடிலிங்கில் (ஆக்ஸிலேட்டர் மிதிக்காமல் என்ஜின் சும்மா ஓடும்போது) கிச் கிச் என்று விட்டு விட்டு வரும். தண்ணீர் பட்டும் ஒரு மாற்றமும் இல்லையென்றால் ஏதோ ஒரு பேரிங் (புல்லி உரசாமல் சுற்ற உதவும் வளையம்) கெட்டுப்போய்க்கொண்டிருக்கிறது.

இதோடு ஏசியைப் போட்டும் அணைத்தும் பாருங்கள். பல கார்களில் ஆல்டர்நேட்டருக்கு ஒன்று, ஏசி கம்ப்ரசருக்கு ஒன்று என இரண்டு பெல்ட் இருக்கும். ஒர்க்‌ஷாப்பில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றதைத் தொடாமல் விட்டிருக்கலாம்.

அடுத்து என்ஜினை அணைத்து, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, டார்ச் அடித்துப் பெல்ட்டைப் பாருங்கள். பழைய நியோபிரீன் பெல்ட்டில் குறுக்கே வெடிப்பு விழும், அதைப் பார்த்து மாற்றச் சொல்வது சரி. இப்போது வருவது பெரும்பாலும் ஈபிடிஎம் ரப்பர், அது லேசில் வெடிக்காது, டயர் மாதிரி தேயும். இந்தப் பெல்ட் பிடிப்பது வரிகளின் பக்கவாட்டுச் சரிவில். அது தேய்ந்தால் வரி புல்லிப் பள்ளத்தின் அடியில் போய் உட்கார்ந்துவிடும், அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். உங்களுடையது புதுசு, அதனால் பக்கவாட்டில் கண்ணாடி மாதிரிப் பளபளப்பு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் தளர்ந்த நிலையிலேயே பல நாள் வழுக்கி ஓடிச் சூடாகியிருக்கிறது; அப்போது மட்டும் இன்னொரு பெல்ட் தேவைப்படலாம்.

எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்றும் விரலால் தொட்டுப் பாருங்கள். வால்வ் கவரிலிருந்து என்ஜின் ஆயிலோ, ஹோஸிலிருந்து கூலன்டோ சொட்டினால் எந்த பெல்ட்டும் நிற்காது. முதலில் கசிவை அடைத்து, புல்லிகளைத் துடைத்து, அப்புறம்தான் பெல்ட். ஆயில் ஊறிய ரப்பர் உப்பிவிடும், அதைக் கழுவிப் போடுவதில் பயனில்லை.

பள்ளங்களில் தூசி அடைந்திருப்பதையும் பார்க்க வேண்டும். திசையன்விளை, உவரி பக்கம் தேரிக் காட்டுச் செம்மணலிலும், பணகுடி, வள்ளியூர் காற்றுக் காலத்திலும் ஓடுகிற வண்டிகளில் புல்லிப் பள்ளத்தில் மண் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். காய்ந்த பழைய டூத் பிரஷ்ஷால் ஒவ்வொரு பள்ளமாகத் தேய்த்து எடுங்கள்.

இறுக்குவது பெரிய வேலை இல்லை. ஆல்டர்நேட்டரின் அடிப்பக்க போல்ட்டையும் பூட்டு போல்ட்டையும் கொஞ்சம் தளர்த்தி, அட்ஜஸ்டரைத் திருகி, இரண்டு புல்லிக்கு நடுவே நீளமான பகுதியைக் கட்டை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். பழைய கணக்கு பத்து மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கலாம் என்பது, ஆனால் வண்டிக்கு வண்டி மாறும், உங்கள் வண்டியின் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவுதான் சரி. ஆல்டர்நேட்டரின் அலுமினிய உடம்பில் கடப்பாரை கொடுத்து நெம்ப விடாதீர்கள், விரிசல் விடும். சத்தம் வரவே கூடாது என்று தந்தி மாதிரி இறுக்குகிறவர்களும் உண்டு, அது இதைவிடப் பெரிய தப்பு. ஆல்டர்நேட்டர் பேரிங்கும், அதே பெல்ட்டில் ஓடினால் வாட்டர் பம்ப் பேரிங்கும் அந்த இழுவையில் சீக்கிரம் போய்விடும். இறுக்கிய பிறகு பத்து நிமிஷம் ஓடவிட்டு, அணைத்து, திரும்ப ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். தானாக இறுக்கும் டென்ஷனர் உள்ள வண்டியாக இருந்தால் இந்த வேலை இல்லை. ஐடிலிங்கில் அதன் கை அதிகமாக ஆடினால் ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது, டென்ஷனரையே மாற்ற வேண்டும்.

சோதனையில் நேர்கோட்டுப் பிரச்சினை என்று வந்தால் முதலில் பெல்ட் சரியான பள்ளத்தில் இருக்கிறதா என்று வரியை எண்ணுங்கள். அவசரத்தில் ஒரு பள்ளம் தள்ளி மாட்டிவிடுவது அடிக்கடி நடக்கிற விஷயம். பெல்ட்டின் முதுகில் 4பிகே, 5பிகே என்று போட்டிருப்பது வரிகளின் எண்ணிக்கை, அதற்கு அடுத்த எண் மில்லிமீட்டரில் நீளம். அதையும் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள்.

பேரிங் சந்தேகம் என்றால் பெல்ட்டைக் கழற்றி ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றுங்கள். நல்ல பேரிங் சத்தமில்லாமல் வழுவழுவென்று சுற்றும், போனது விரல் நுனியில் கரகரவென்று தெரியும், ஓரத்தில் துருத் தூள் கசிந்திருக்கும், பிடித்து ஆட்டினால் லொடலொடக்கும். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணிக் கரையில் தண்ணீருக்குள் நின்ற வண்டிகளுக்கு இது முக்கியம். பேரிங் கிரீஸுக்குள் வெள்ளத்தண்ணீர் போனால் அன்றைக்கே தெரியாது, கொஞ்சம் கொஞ்சமாகத் துருப்பிடித்துப் பல மாதம் கழித்தும் சத்தம் தொடங்கும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி என்றால் விற்றவரிடம் இதைக் கேளுங்கள்.

சோப்பு, மெழுகுவர்த்தி, பவுடர், கடையில் விற்கிற பெல்ட் ஸ்பிரே எதையும் தடவ வேண்டாம். ஒரு வாரம் சத்தம் நிற்கும், அதற்குள் அந்தப் பசையில் தூசி ஒட்டிப் பள்ளமெல்லாம் அடைந்துவிடும், சத்தம் போடுகிற இடத்தைக் கண்டுபிடிப்பதும் கஷ்டமாகிவிடும்.

சரி செய்யும் வரை உள்ளூரில் ஓட்டலாம், மாஞ்சோலை மாதிரி மலைப் பாதைக்குப் போகாதீர்கள். ஓடும்போது பேட்டரி விளக்கு எரிந்து, கூடவே டெம்பரேச்சர் முள் ஏறினால் பெல்ட் அறுந்திருக்கும், வாட்டர் பம்ப்பும் நின்றிருக்கும். உடனே ஓரம் கட்டி என்ஜினை அணையுங்கள், இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே என்று ஓட்டினால் என்ஜின் தலைப்பகுதியை அடைக்கிற ஹெட் கேஸ்கட் போய்விடும். ஒர்க்‌ஷாப்பில் கழற்றிய பழைய பெல்ட் ஆயில் படாமல், அறுபடாமல் இருந்தால் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டு வையுங்கள், கூடவே அந்த போல்ட் சைஸுக்கு ஒரு ஸ்பேனர்.