ஆப்பிரிக்காவில் புற்றுநோய் சிகிச்சையும் ஆராய்ச்சியும் வளர முதலில் என்ன வேண்டும்: மெஷினா, மருந்தா, டாக்டரா?

கேள்வி கேட்டவர், தங்கள் சங்கம் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஓர் ஆஸ்பத்திரிக்கு ரேடியேஷன் மெஷின் வாங்கித் தர நிதி திரட்டப்போவதாகவும், அது சரியான தொடக்கமா என்றும் கேட்டிருக்கிறார்.

இல்லை என்பது என் பதில். முதலில் வேண்டியது நோய் இன்னதென்று சரியாகச் சொல்லும் லேப். நான் திசு ஆய்வகத்தில் டெக்னீஷியன், உகாண்டாவின் தென்பகுதியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் சில வருடம் வேலை பார்த்தவன். லேப்காரன் லேப்பைத்தான் சொல்வான் என்று தோன்றினால் தோன்றட்டும், சொல்லவந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கழுத்தில் நெறி கட்டி, காய்ச்சல், இளைப்பு, ராத்திரி வியர்வை என்று ஒருவர் வருகிறார். அங்கே எந்த டாக்டரும் முதலில் காசநோயைத்தான் நினைப்பார். அதில் தப்பில்லை, காசநோய் அவ்வளவு அதிகம், பலருக்கு எச்ஐவியும் சேர்ந்தே இருக்கும். பயாப்ஸி எடுத்துப் பார்க்க வழியில்லாததால் காசநோய் மாத்திரையைத் தொடங்கிவிடுவார்கள். கட்டி குறையாது. ஊசி, வேறு மாத்திரை, நாட்டு மருந்து என்று மாதங்கள் ஓடியபின் யாரோ ஒருவர் பயாப்ஸிக்கு அனுப்புவார். பார்த்தால் லிம்போமா, அதாவது நெறியில் வரும் புற்றுநோய். ஆரம்பத்திலேயே பிடித்திருந்தால் கீமோவிலேயே குணமாகியிருக்க வாய்ப்புள்ள நோய். இந்த ஆளுக்கு மெஷின் இல்லாதது பிரச்சினையே இல்லை. அந்தச் சதைத் துண்டை யாரும் பார்க்காததுதான் பிரச்சினை.

துண்டு எங்களிடம் வந்து சேரும் விதத்தைக் கேளுங்கள். சின்ன ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்ததை உறவினர் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். அவர் அதை ப்ளூ பேண்ட் மார்ஜரின் டப்பாவில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு, ஆட்களை அடைத்து ஓடும் வேனில் வருவார். டப்பாவைத் திறந்தால் திசுவைக் கெடாமல் பதப்படுத்தும் ஃபார்மலினுக்குப் பதில் ஸ்பிரிட் இருக்கும், சில நேரம் வெறும் உப்புத் தண்ணீர். துண்டின் அளவைப்போல் பத்து மடங்காவது ஃபார்மலின் இருந்தால்தான் அது உள்ளே இறங்கும். இல்லாவிட்டால் வெளிப்பக்கம் மட்டும் பதப்பட்டு நடுப்பகுதி கெட்டுவிடும், ஸ்லைடில் செல்லுக்குப் பதில் வெளிறிய திட்டுதான் தெரியும். "முசாவோ, ரிசல்ட் எப்போ?" என்று அந்த உறவினர் கேட்பார். மருத்துவ வேலை பார்க்கும் யாரையும் அங்கே முசாவோ என்பார்கள். திரும்ப ஆபரேஷன் செய்து இன்னொரு துண்டு கொண்டு வாருங்கள் என்று அவரிடம் சொல்வது இருக்கிறதே, அது எனக்குக் கடைசிவரை பழகவில்லை. வேன் கட்டணத்துக்கே ஒரு கோழியை விற்றுவிட்டு வந்திருப்பார்.

மார்பகப் புற்று என்றால் சிக்கல் இன்னும் ஒரு படி மேலே. கட்டி ஹார்மோனால் வளர்வதா என்று பார்க்கும் ஹார்மோன் ரிசெப்டர் பரிசோதனை, சரியாகப் பதப்படாத துண்டில் 'இல்லை' என்று பொய் சொல்லும். 'உண்டு' என்று வந்தால் கொடுக்கும் டமாக்ஸிஃபென் விலை குறைந்த மாத்திரை, வருடக்கணக்கில் உயிரைக் காக்கக்கூடியது. டப்பாவில் ஃபார்மலின் குறைந்ததால் ஒரு பெண்ணுக்கு அது எழுதப்படாமலே போகலாம்.

கரண்ட்டைச் சொல்லாமல் விடக்கூடாது. திசுவை ஆல்கஹால், சைலீன், உருகிய மெழுகு என்று மாற்றி மாற்றி முக்கும் மெஷின் ராத்திரி முழுக்க ஓடும். துண்டு சைலீனில் இருக்கும்போது கரண்ட் போய், ஜெனரேட்டருக்கு டீசல் இல்லையென்றால், காலையில் பிளேடு பட்டதும் அப்பளமாக நொறுங்கும். மெழுகுக் கட்டியை நாலைந்து மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நாலைந்து பங்கு கனத்துக்குச் சீவி, சுருங்காமல் வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடியில் ஏந்தி எடுப்பதுதான் எங்கள் தொழில். கைத்தொழில் என்றே சொல்லலாம். ஆள் இருந்தால் கற்றுக்கொடுத்துவிடலாம். எங்கள் லேபில் வேலை கற்ற இரண்டு உள்ளூர்ப் பெண்கள் என்னைவிட நன்றாகச் சீவினார்கள்.

இனி ஆராய்ச்சி. அது பணக்கார நாட்டுச் சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவின் பழைய கதையைப் படிக்க வேண்டும். முலாகோ ஆஸ்பத்திரியில் அறுவை மருத்துவராக இருந்த டெனிஸ் பர்கிட், தாடை வீங்கிப் பல் ஆடும் குழந்தைகளைப் பற்றி 1958ல் எழுதினார். அவருக்குக் கிடைத்த முதல் ஆராய்ச்சி நிதி 25 பவுண்டு. அதில் படம் போட்ட துண்டறிக்கை அச்சடித்து, 'இப்படிப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறீர்களா' என்று ஆப்பிரிக்கா முழுக்க ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பினார். 1961ல் இரண்டு நண்பர்களோடு ஒரு பழைய காரில் 10,000 மைல் சுற்றி, நோய் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று வரைபடமே போட்டுவிட்டார். அதே வருடம் லண்டனில் அவர் பேசியதைக் கேட்ட ஆராய்ச்சியாளர் அந்தோணி எப்ஸ்டீன், இதன் பின்னால் வைரஸ் இருக்கும் என்று கம்பாலாவிலிருந்து விமானத்தில் கட்டித் துண்டுகளை வரவழைத்தார். 1963 டிசம்பரில் மூடுபனியால் ஒரு விமானம் மான்செஸ்டருக்குத் திருப்பிவிடப்பட, துண்டு தாமதமாக, கலங்கிய திரவத்தில் வந்து சேர்ந்தது. கெட்டுவிட்டது என்று கொட்டாமல் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தால் செல்கள் தனித்தனியாக உயிரோடு மிதந்தன. அதை வளர்த்துத்தான் 1964ல், எப்ஸ்டீன், அவரோடு வேலை பார்த்த இவான் பார் இருவர் பெயரையும் தாங்கிய எப்ஸ்டீன்-பார் வைரஸைக் கண்டார்கள். மனிதப் புற்றுநோயோடு தொடர்புடையதாகத் தெரியவந்த முதல் வைரஸ் அது.

எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. துண்டு போனது கம்பாலாவிலிருந்து, வைரஸில் நிலைத்தது லண்டன்காரர் பெயர்கள். நல்லவேளை, கதை அங்கே முடியவில்லை. 1967ல் கம்பாலாவிலேயே உகாண்டா புற்றுநோய் நிறுவனம் தொடங்கியது. அமெரிக்க மருத்துவர் ஜான் சீக்லர் தலைமையில், பர்கிட் எழுதிய அந்தத் தாடைக் கட்டியான பர்கிட் லிம்போமாவுக்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையை அங்கே முறையாகச் சோதித்தார்கள். இடி அமீன் காலத்தில் வெளிநாட்டவர் கிளம்பிப் போக, உகாண்டா மருத்துவர் சார்ல்ஸ் ஓல்வெனி பொறுப்பேற்றுக் கதவை மூடாமல் காப்பாற்றினார். பிறகு நீண்ட சரிவு. 2004 வாக்கில் நாடு முழுமைக்கும் ஜாக்சன் ஓரெம் என்ற ஒரே ஒரு புற்றுநோய் மருத்துவர். அந்த நேரத்தில்தான் அமெரிக்காவில் சியாட்டிலின் ஃப்ரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆராய்ச்சி மையம் கைகோத்தது, உகாண்டா மருத்துவர்கள் சியாட்டில் போய்ப் பயிற்சி பெற்றுத் திரும்பினார்கள். 2015ல் லேபும் சிகிச்சையும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் கட்டடம் கம்பாலாவில் திறந்தது. துண்டு விமானம் ஏறாமல் உள்ளூரிலேயே ஆராயப்படுவதற்கு ஐம்பது வருடம் ஆகியிருக்கிறது.

மெஷின் கதைக்கு வருவோம். உகாண்டாவில் இருந்தது கோபால்ட் என்ற கதிர்வீசும் உலோகத்தை வைத்து ரேடியேஷன் கொடுக்கும் ஒரே ஒரு மெஷின், 1995ல் வாங்கியது. கோபால்ட் ஐந்து வருடத்துக்குச் சற்று மேல் ஆனால் பாதி வீரியம் இழக்கும். புது கோபால்ட் மாற்றாவிட்டால் ஒவ்வொரு நோயாளிக்கும் மெஷின் அடியில் படுக்கும் நேரம் கூடிக்கொண்டே போகும். 2016 மார்ச்சில் அது சரிசெய்ய முடியாதபடி நின்றது. பக்கத்து கென்யாவில் நைரோபியின் ஆகா கான் ஆஸ்பத்திரி 400 பேருக்கு இலவசமாகச் செய்ய முன்வந்தது, ஆனால் தேவை அதைவிடப் பல மடங்கு. புது மெஷின் முறைப்படி இயங்கத் தொடங்கியது 2018 ஜனவரியில். 2018ல் இந்தியாவும், பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய பாபாட்ரான் மெஷின் ஒன்றைத் தருவதாக அறிவித்தது. ஒற்றை மெஷினை நம்பி இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

பக்கத்து ருவாண்டா எதிர்த்திசையில் தொடங்கியது. வடக்கே மலைமேல் இருக்கும் புட்டாரோவில் 2012ல் புற்றுநோய் மையம் திறந்தபோது நாட்டிலேயே ரேடியேஷன் கிடையாது. பொது மருத்துவர்களும் நர்ஸுகளும் எழுதிவைத்த நெறிமுறைப்படி கீமோ கொடுத்தார்கள், சந்தேகம் வந்தால் பாஸ்டன் நிபுணர்களைக் கேட்டார்கள். துண்டுகளைப் படிக்க ஆரம்பத்தில் பாஸ்டனுக்கே அனுப்பினார்கள், பிறகு மைக்ரோஸ்கோப் படத்தை இணையத்தில் அனுப்பும் ஏற்பாடு வந்தது. பஸ் கட்டணமும் சாப்பாடும் சிகிச்சைச் செலவில் சேர்ந்தவை என்று முதல் நாளிலிருந்தே கணக்கு போட்டார்கள். இதைத்தான் நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். ரேடியேஷன் வேண்டியவர்கள் எல்லை தாண்டித்தான் போனார்கள், அது கஷ்டம்தான். 2019ல்தான் தலைநகர் கிகாலியில் வசதி வந்தது. ஆனால் மெஷின் வரட்டும் என்று யாரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை.

சரி, உங்கள் சங்கம். மெஷின் என்றால் தடித்த கான்கிரீட் அறை, இயற்பியலாளர், சர்வீஸ் ஒப்பந்தம் எல்லாம் சேர்ந்துதான் மெஷின். அதையெல்லாம் ஓர் ஊர்ச் சங்கம் தாங்காது. நன்கொடையாக வந்த, ஸ்லைடுக்குச் சாயமேற்றும் கருவி ஒன்றை எங்கள் லேபிலேயே பார்த்திருக்கிறேன். அங்குள்ள கரண்ட்டுக்குப் பொருந்தாத 110 வோல்ட், அதற்கு வேண்டிய ரசாயனம் ஒரே கம்பெனியில்தான் கிடைக்கும். துணி போர்த்தி மூலையில் வைத்திருந்தோம், அதன்மேல் ரெஜிஸ்டர்களை அடுக்க வசதியாக இருந்தது.

அதற்குப் பதில் ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள ஆஸ்பத்திரிகளுக்கு ஃபார்மலின் ஊற்றி லேபிள் ஒட்டிய டப்பாக்கள், அவற்றை வாரம் இரண்டு முறை எடுத்துவர போடா போடா என்ற வாடகை பைக் ஓட்டும் ஒருவருக்குச் சம்பளம், திசு மெஷினுக்கு பேட்டரி, மெழுகுக் கட்டியைச் சீவும் மைக்ரோடோம் கருவிக்கு பிளேடு. கூடவே நோயாளிகளின் பேர், ஊர், நோய், நிலைமை எழுதிவைத்து, வராதவர்களுக்குப் போன் போட ஒரு ரெஜிஸ்ட்ரி கிளார்க். கம்பாலாவில் 1950களிலேயே இப்படிப் பதிவேடு தொடங்கிவிட்டார்கள், இன்றும் அந்த ஊரைப் பற்றி நம்பி எழுத முடிவது அதனால்தான். மெழுகுக் கட்டிகளைக் கரையானும் வெயிலும் படாமல் வைக்க ஓர் இரும்பு அலமாரியும் வாங்கிக் கொடுங்கள், பின்னால் ஆராய்ச்சிக்கு வருபவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். என்னென்ன வேண்டும் என்ற பட்டியலை லேப் இன்சார்ஜிடம் கேட்டு வாங்குங்கள். சூப்பரின்டெண்டிடம் மட்டும் கேட்டால் அவரும் மெஷின் என்றுதான் சொல்வார்.